குழந்தைக்கு ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்றால், வீட்டில் இருமுவது யார்?

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். படகு கரை சேரும், ஏலம் நடக்கும், ஐஸ் போட்ட மீன் வண்டியேறும். அங்கே கூலிக்குப் போகும் ஒருவரின் வீட்டை ஓர் உதாரணத்துக்காக நினைத்துப் பாருங்கள். ஒரே அறை. அப்பா, அம்மா, ஆயா, மூன்று வயதுப் பெண் குழந்தை.

குழந்தைக்கு மூன்று வாரமாக சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. “சளி கட்டியிருக்கு” என்று இரண்டு முறை சிரப் வாங்கிக் கொடுத்தாயிற்று. மூன்றாவது முறை போனபோது டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு, “பிரைமரி காம்ப்ளக்ஸ்மா. ஆறு மாசம் மருந்து குடுத்தா சரியாயிடும்” என்கிறார். “டிபி கிடிபி இல்லையே சார்?” என்று அம்மா கேட்கிறார். “அதெல்லாம் பயப்படாதீங்க” என்று பதில் வருகிறது.

அம்மாவுக்கு நிம்மதி. வீட்டுக்கு வந்தால் ஆயா இருமிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதமாக இருமுகிறார். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்காத தமிழ்க் குடும்பங்கள் குறைவு. ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்பது நம் ஊரில் குழந்தைகளின் காசநோய்க்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. பயமுறுத்த வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. நோய் இருக்கும் வீட்டில் அதன் மூலத்தை மறைக்கிறது. நோய் இல்லாத குழந்தைக்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வழி செய்கிறது.

*இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?*

காசநோய்க் கிருமி முதன்முறையாக ஒருவரின் நுரையீரலுக்குள் போகும்போது, அது உட்கார்ந்த இடத்தில் ஒரு சின்னப் புண் உண்டாகும். அதற்குப் பக்கத்தில் உள்ள நிணநீர் முடிச்சும் வீங்கும். நாம் ‘நெறி கட்டியிருக்கு’ என்று சொல்வோமே, அதுபோல நெஞ்சுக்குள் நடப்பது. இந்த இரண்டும் சேர்ந்ததற்குத்தான் மருத்துவத்தில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று பெயர். ஆன்டன் கோன் என்ற மருத்துவர் காசநோய்க்கு ஆளான குழந்தைகளின் உடல்களை ஆராய்ந்து 1912ல் இதை விரிவாக எழுதினார்.

ஆக, பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பது டிபியைவிடச் சாதுவான வேறு ஒரு நோய் இல்லை. கிருமி அதேதான். பல குழந்தைகளுக்கு அந்தப் புண் தானாகவே ஆறிவிடும். கிருமி உள்ளே தூங்கும். சிலருக்கு ஆறாமல் நோயாக வளரும். எத்தனை பேருக்கு வளரும் என்பது வயதைப் பொறுத்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கிருமி தொற்றி, எதுவும் செய்யாமல் விட்டால், இரண்டு பேரில் ஒருவருக்கு நோயாக மாறலாம். இரண்டு வயதைத் தாண்டினால் ஆபத்து வேகமாகக் குறையும். பருவ வயதில் மறுபடியும் கூடும்.

சின்னக் குழந்தைகளிடம் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிருமி நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவலாம். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கினால் மூளைக்காய்ச்சல். குழந்தை காரணமில்லாமல் எரிச்சல்படும், வாந்தி எடுக்கும், எந்நேரமும் தூங்கி வழியும், வலிப்பு வரும். அந்தக் கட்டத்தில் தாமதித்தால் உயிர் போகும், அல்லது பார்வையோ நடையோ போகும்.

*யாரிடமிருந்து வந்தது?*

குழந்தைகளின் டிபியில் முக்கியமான கேள்வி இதுதான். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் டிபியைப் பரப்புவதில்லை. அவர்கள் நுரையீரலில் கிருமிகள் குறைவு; பெரியவர்கள் மாதிரி வேகமாக இருமி வெளியே தள்ளவும் முடியாது. ஆகவே மூன்று வயதுக் குழந்தைக்கு டிபி என்றால், அண்மையில் அதன் பக்கத்தில் ஒரு பெரியவர் இருமியிருக்கிறார் என்று பொருள். தாத்தா, ஆயா, அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, யாராகவும் இருக்கலாம்.

வாடகை ஃபிளாட்டில் இருக்கும் ஐடி ஊழியருக்கும் இது பொருந்தும். குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தாவின் ‘பீடி இருமல்’ பீடியால் வந்ததாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த இடத்தில் சென்னையில் நடந்த ஒரு பழைய ஆய்வு உதவும். சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956ல் ‘காசநோய் மருந்துச் சிகிச்சை மையம்’ என்ற பெயரில் தொடங்கியது. அன்றைக்கு டிபி என்றால் குடும்பத்தைப் பிரித்து சானடோரியத்தில் சேர்ப்பதுதான் வழக்கம். அந்த மையம் நோயாளிகளில் ஒரு பகுதியினரை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தது. மற்றவர்களை சானடோரியத்துக்கு அனுப்பியது. இரண்டு தரப்பின் குடும்பத்தினரையும் வருடக்கணக்கில் கவனித்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் வரவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? சிகிச்சை தொடங்கிய பிறகு குடும்பத்துக்கு ஆபத்து குறைந்துவிடுகிறது. சிகிச்சைக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் இருமிய நாட்களில்தான் குழந்தைக்குக் கிருமி போகிறது. அந்த ஆயாவைக் கண்டுபிடிக்காமல் குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுப்பது, கூரை ஒழுகும்போது தரையை மட்டும் துடைப்பது மாதிரி. அடுத்து பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதே கூரைதான்.

*டெஸ்ட்டில் ஏன் சிக்குவதில்லை?*

பெரியவர்களுக்கு சளி எடுத்துப் பரிசோதித்தால் விஷயம் முடிந்தது. சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் காலையில் வெறும் வயிற்றில் மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு, வயிற்றில் இருக்கும் சளி கலந்த நீரை எடுப்பார்கள். அல்லது உப்புநீர் ஆவி கொடுத்துச் சளியை வரவழைப்பார்கள். இப்போது மலத்திலேயே கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையும் வந்திருக்கிறது. விழுங்கிய சளி அங்கேதானே போய்ச் சேரும்! குழந்தையை அழ வைக்காமல் எடுக்கக்கூடிய மாதிரி அது.

நம் அரசுத் திட்டத்தில் சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் இருக்கின்றன. இவை சில மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அது கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். ஆனாலும் குழந்தைகளின் உடம்பில் கிருமி எண்ணிக்கையே குறைவு. ஆகவே நோய் உள்ள பல குழந்தைகளுக்கு ரிசல்ட் ‘நெகட்டிவ்’ என்றுதான் வரும். நெகட்டிவ் என்றால் டிபி இல்லை என்று அர்த்தம் கிடையாது.

அப்படியானால் டாக்டர் எதை வைத்து முடிவு செய்வார்? நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சலோ இருமலோ இருக்கிறதா? மூன்று மாதத்தில் எடை குறைந்திருக்கிறதா, அல்லது ஏறாமலே நிற்கிறதா? எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நெறி வீங்கியிருக்கிறதா? கடந்த இரண்டு வருடத்தில் வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது டிபி இருந்ததா? உலக சுகாதார நிறுவனம் 2022ல் இதற்கு மதிப்பெண் அட்டவணையே கொடுத்தது. கிருமி சிக்கவில்லை என்பதற்காக நோயுற்ற குழந்தைக்கு மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்துப் பதிவுகளைத் தொகுத்து 2017ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. டிபி வந்து சிகிச்சை கிடைக்காத 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்குச் சுமார் 44 பேர் இறந்திருக்கிறார்கள். மருந்து எடுத்த குழந்தைகளில் இறப்பவர்கள் 100க்கு ஒன்றுக்கும் குறைவு. அதே 2017ல் வந்த இன்னொரு கணக்கு, உலகில் டிபியால் இறக்கும் குழந்தைகளில் 96 சதவீதம் பேர் சிகிச்சையே பெறாதவர்கள் என்றது. இந்த நோயில் குழந்தைகளைக் கொல்வது பெரும்பாலும் கண்டுபிடிக்காமல் விடுவதுதான்.

*ஒல்லியாக இருந்தால் டிபியா?*

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. குழந்தை சரியாகச் சாப்பிடவில்லை, எடை ஏறவில்லை, அடிக்கடி சளி பிடிக்கிறது என்று பெற்றோர் போவார்கள். கையில் ஒரு மான்டூ ஊசி, ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர்., மங்கலான ஓர் எக்ஸ்ரே. “பிரைமரி காம்ப்ளக்ஸ் மாதிரி இருக்கு, எதுக்கும் ஆறு மாசம் போட்டுடலாம்.”

மான்டூ பரிசோதனை என்பது முன்கையில் போட்ட ஊசி இரண்டு, மூன்று நாளில் எவ்வளவு தடிக்கிறது என்று அளப்பது. அது கிருமி எப்போதாவது உடம்புக்குள் போயிருக்கிறதா என்று மட்டும் சொல்லும். இப்போது நோய் இருக்கிறதா என்று சொல்லாது. ஈ.எஸ்.ஆர். எந்தக் காய்ச்சலுக்கும் ஏறும். ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்த்து டிபி என்று சொல்லும் சோதனைகள் தவறான முடிவு தருகின்றன என்று இந்திய அரசு 2012லேயே அவற்றுக்குத் தடை விதித்துவிட்டது.

டிபி மருந்துகள் மிட்டாய் இல்லை. கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. தேவையுள்ள குழந்தைக்கு அந்தச் சின்ன ஆபத்தை ஏற்பது நியாயம். ஓடி விளையாடிக்கொண்டு, காய்ச்சல் எதுவும் இல்லாமல், பிறந்ததிலிருந்தே ஒல்லியாக இருக்கும் குழந்தைக்கு அதை ஏற்பது நியாயமில்லை.

இங்கேதான் பெயரின் வேலையைக் கவனிக்க வேண்டும். “உங்கள் குழந்தைக்கு டிபி” என்று சொல்ல வேண்டியிருந்தால் எந்த டாக்டரும் இரண்டு முறை யோசிப்பார், ஆதாரம் தேடுவார். பெற்றோரும் “எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்பார்கள். ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்றால் யாரும் கேட்பதில்லை. சுலபமாகச் சொல்ல முடிகிற பெயர், சுலபமாகத் தப்பாகவும் சொல்லப்படுகிறது.

*மருந்தில் என்ன மாறியிருக்கிறது?*

நிறைய மாறியிருக்கிறது, நல்ல விதமாகவே. முன்பெல்லாம் பெரியவர்களின் மாத்திரையை உடைத்து, பொடித்து, தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். அளவு கூடும், குறையும். கசப்பில் குழந்தை துப்பும். இப்போது மூன்று மருந்துகளைச் சரியான விகிதத்தில் சேர்த்து, தண்ணீரில் போட்டதும் கரையும் பழச்சுவை மாத்திரை இருக்கிறது. உலக அளவில் 2015 டிசம்பரில் அறிமுகமான இதைத் தயாரித்தது ஓர் இந்திய நிறுவனம். குழந்தையின் எடையைப் பார்த்து ஒன்றா, இரண்டா, மூன்றா என்று முடிவு செய்வார்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். எடை ஏற ஏற அளவை மாற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொரு மாதமும் எடை பார்ப்பது அவசியம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம். அது ரிஃபாம்பிசினின் நிறம். கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

சிகிச்சைக் காலத்திலும் புதிய வெளிச்சம் வந்திருக்கிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். தீவிரமில்லாத டிபி உள்ள குழந்தைகளுக்கு நான்கு மாதம் போதுமா என்று ‘ஷைன்’ என்ற ஆய்வு பார்த்தது. உகாண்டா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,204 குழந்தைகள். இந்தியாவில் அது நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. 2022ல் முடிவு வந்தது: நான்கு மாதம் எடுத்தவர்களும் ஆறு மாதம் எடுத்தவர்களும் ஒரே அளவுக்குக் குணமானார்கள். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தீவிரமில்லாத டிபிக்கு நான்கு மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. எந்தக் குழந்தைக்கு இது பொருந்தும் என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘காய்ச்சல் போயிடுச்சே’ என்று வீட்டில் தாமாக நிறுத்துவது வேறு விஷயம். மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்கு அதுதான் வாசல்.

*வருவதற்கு முன்பே தடுக்க முடியாதா?*

பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசி ஒரு தடுப்பு. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல், உடம்பு முழுக்கப் பரவும் டிபி ஆகியவற்றிலிருந்து அது பெருமளவு காக்கிறது. நுரையீரல் டிபியை முழுக்கத் தடுப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ல் தொடங்கிய மாபெரும் ஆய்வில், பெரியவர்களுக்கு அதனால் பலன் இல்லை என்றே தெரியவந்தது. ஆகவே “பி.சி.ஜி. போட்டாச்சே, டிபி வராது” என்று நினைத்து இருந்துவிட முடியாது.

இன்னொரு தடுப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம். வீட்டில் ஒரு பெரியவருக்கு நுரையீரல் டிபி உறுதியானால், அந்த வீட்டுக் குழந்தைகளை உடனே பரிசோதிக்க வேண்டும். நோய் இருந்தால் சிகிச்சை. இல்லையென்றால் தடுப்பு மருந்து: தினமும் ஐசோனியாசிட் என்று ஆறு மாதம், அல்லது வயதைப் பொறுத்து வாரம் ஒருமுறை என்று மூன்று மாதம். 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது பல வருடமாகவே இருக்கும் விதி. 2021ல் வந்த தேசிய வழிகாட்டுதல், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் இதை விரிவாக்கியது.

சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வின் முடிவு 2023ல் வந்தது. அந்தக் குடும்பத்தினரிடையே புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையில் இருக்கும் நோயாளிக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. குழந்தைகளுக்கும் இது உண்டு. ஆனால் குழந்தையின் பெயர் நிக்ஷய் இணையப் பதிவில் டிபி என்று ஏறியிருக்க வேண்டும். ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்று சீட்டில் எழுதி, மருந்தைக் கடையில் வாங்கிய குழந்தைக்கு இந்த 1,000 ரூபாயும் கிடைக்காது, வீட்டாரைப் பரிசோதிக்க சுகாதாரப் பணியாளரும் வரமாட்டார். டிபி நோயாளி யாராக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிப்பது தனியார் டாக்டர்களுக்கும் 2012 முதல் கட்டாயம்.

*பெயரைச் சொன்னால் ஊர் பேசாதா?*

பேசும். அதை இல்லையென்று சொல்ல முடியாது. “பெண் குழந்தை, நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்” என்ற பயம் நிஜம். பள்ளியில் தனியாக உட்கார வைப்பார்களோ என்ற கவலையும் நிஜம். டாக்டர்கள் மென்மையான பெயரைத் தேடுவதும் இதனால்தான்.

ஆனால் பெயரை மறைத்து மறைத்து அந்தப் பயத்தை வளர்த்ததும் நாம்தான். உண்மையை முழுதாகச் சொன்னால் பயம் குறையவே வாய்ப்பு அதிகம். “இது டிபி. முழுசா குணமாகும். உங்க குழந்தை யாருக்கும் ஒட்ட வைக்க மாட்டா. உடம்பு தேறினதும் ஸ்கூலுக்குப் போகலாம். ஆனா அவளுக்கு யாரோ கொடுத்திருக்காங்க, அவரைக் கண்டுபிடிக்கணும்.” இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குச் சொன்னால் போதும்.

*புதுச்சேரியில் என்ன தடை?*

இந்த விஷயத்தில் புதுச்சேரி வசதியில்லாத ஊர் இல்லை. எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள், குழந்தைகளுக்கென்றே அரசு மருத்துவமனை. கோரிமேட்டில் அரசு நெஞ்சக மருத்துவமனை, ஜிப்மர். டிபி நோயாளிகளையும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களையும் தொடர்ந்து கவனிக்கும் ‘ரிப்போர்ட் இந்தியா’ ஆய்வில் ஜிப்மருக்கும் பங்கு உண்டு. அறிவுக்குக் குறைவில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஆயா நெஞ்சக மருத்துவமனைக்குப் போவார். பேத்தி குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவாள். இரண்டு சீட்டும் ஒரே வீட்டு அலமாரியில் கிடக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆள் இருக்கமாட்டார். தேங்காய்த்திட்டிலிருந்து நகரத்தின் மறுமுனையான கோரிமேட்டுக்குப் போக ஒரு நாள் கூலி போய்விடும். ஆயா ஒரு நாள், குழந்தை ஒரு நாள், மான்டூ பார்க்க இன்னொரு நாள் என்றால் மூன்று நாள் கூலி. கடலூர், விழுப்புரம் பக்கத்து வீடுகள் என்றால் மாநில எல்லை வேறு குறுக்கே வரும்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. பெரியவருக்கு டிபி என்று சீட்டு எழுதும் அதே மேஜையில், “வீட்டில் எத்தனை குழந்தைகள், வயது என்ன?” என்று எழுத ஒரு கட்டம் வேண்டும். அந்தக் குழந்தைகளை அதே வாரத்தில், அவர்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்திலேயே எடை பார்த்து, பரிசோதித்து, மருந்து தர வேண்டும். குழந்தைக்கு டிபி என்று எழுதும் மேஜையில், “வீட்டில் இருமுவது யார்?” என்று கேட்க இன்னொரு கட்டம் வேண்டும். இரண்டு கட்டமும் காலியாக இருந்தால் சீட்டு முழுமையாகவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் இருக்கிறது. டாக்டர் ‘பிரைமரி காம்ப்ளக்ஸ்’ என்றால் தயங்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். “இது டிபியா, சார்? எதை வைத்து முடிவு செய்தீர்கள்? வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டாமா?” சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற அரசின் இலவச எண்ணுக்குப் பேசலாம்.

தேங்காய்த்திட்டுக் குழந்தைக்கு இந்த மருந்தால் குணமாகிவிடலாம். ஆறு மாதத்தில் எடை ஏறி, தெருவில் ஓடலாம். ஆனால் ஆயாவின் இருமலை யாரும் கேட்காமல் போனால், இரவு அந்த ஒரே அறையில் அவர் பக்கத்தில்தான் அவள் மறுபடியும் படுப்பாள். அவளுக்கு மருந்து எழுதிய அன்றைக்கே ஆயாவுக்கும் ஒரு சளிப் பரிசோதனை எழுதியிருக்க வேண்டும்.